யாரை யாரோடு மோத விடுவது? பாக்ஸிங் புரமோட்டரின் கணக்கு

2019 ஜூன் 1, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரு மூலையில் ஆந்தனி ஜோஷுவா. ஆறடி ஆறு அங்குலம், செதுக்கி வைத்த மாதிரி உடம்பு, 22 சண்டைகளில் 22 வெற்றி, ஹெவிவெயிட் என்ற மிக அதிக எடைப் பிரிவின் உலக சாம்பியன் பெல்ட்டுகளில் பெரும்பாலானவை அவரிடம். எதிர் மூலையில் ஆண்டி ரூயிஸ். நாலு அங்குலம் குள்ளம், இடுப்பு பெல்ட்டுக்கு மேல் தொப்பை தளும்புகிறது. அவர் அங்கே நிற்கவேண்டிய ஆளே இல்லை. முதலில் ஒப்பந்தமானவர் ஜாரெல் மில்லர். ஊக்கமருந்து சோதனையில் அவர் மாட்டிக்கொண்டதும் அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆறு வாரத்துக்கு முன்புதான் இன்னொரு சண்டை முடித்திருந்த ரூயிஸ், ஜோஷுவாவின் புரமோட்டர் எடி ஹெர்னுக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பி வாய்ப்புக் கேட்டார். கிடைத்தது. ஏழாவது ரவுண்டில் ஜோஷுவா நான்காவது முறையாக விழுந்து எழுந்தபோது நடுவர் போதும் என்று கையை விரித்தார்.

ஜோஷுவா எப்படித் தோற்றார் என்று அலசிய கட்டுரைகள் ஏராளம். எனக்கு ஆர்வம், ரூயிஸை அங்கே நிறுத்தியவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்பதில். கணக்கில்லாமல் யாரும் அந்த மேடையில் ஏறுவதில்லை.

நான் பாக்ஸிங் பார்க்க ஆரம்பித்த புதிதில், யார் யாரோடு மோதுவது என்பதை ஏதோ ஒரு சங்கம் அட்டவணை போட்டு முடிவு செய்யும் என்று நினைத்திருந்தேன். ஒலிம்பிக்கில் அப்படித்தான். குலுக்கல் போடுவார்கள், வந்தவரோடு மோதவேண்டும். தொழில்முறை பாக்ஸிங்கில் அட்டவணை கிடையாது, லீக் கிடையாது, சீசன் கிடையாது. ஒவ்வொரு சண்டையும் தனி வியாபாரம். அதில் முதல் போடுகிறவர்தான் புரமோட்டர். அரங்கம் பிடிப்பது, டிக்கெட் விற்பது, டிவி உரிமை பேசுவது, இரண்டு பேருக்கும் பணம் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. லாபமும் அவருக்கு, நட்டமும் அவருக்கு. மேனேஜர் வேறு ஆள். வீரருக்காகப் பேரம் பேசிப் பங்கு வாங்குபவர். புரமோட்டர் குறைவாகக் கொடுக்கப் பார்ப்பார், மேனேஜர் அதிகமாக வாங்கப் பார்ப்பார். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்தால் வீரர் கதி என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் 2000இல் வந்த முகமது அலி குத்துச்சண்டை சீர்திருத்தச் சட்டம் இந்த இருவருக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பியது. ஒரு சண்டையில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் புரமோட்டர் வீரரிடம் காட்டவேண்டும் என்றும் அது சொல்கிறது.

அடுத்து, 'பர்ஸ்' என்ற சொல். இதைப் பரிசுத் தொகை என்று மொழிபெயர்ப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஜெயித்தவருக்குக் கோப்பை, தோற்றவருக்கு ஆறுதல் பரிசு என்ற கதை இங்கே இல்லை. பர்ஸ் என்பது கூலி. மணி அடிப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. பெரும்பாலும் ஜெயித்தாலும் தோற்றாலும் அதே தொகைதான். அப்படியானால் தோற்பதில் என்ன நட்டம்? அடுத்த சண்டையின் கூலி போகும். அதற்கடுத்ததும் போகும். அதனால் எந்தச் சண்டை அறிவிப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இவர் தோற்றால் யாருக்கு எவ்வளவு போகும் என்பதைத்தான். பணம், ஆபத்து, சமமான மோதல் மூன்றும் அந்த ஒரு கேள்வியில்தான் வந்து முட்டுகின்றன.

சின்ன ஹாலில் ஆரம்பம்

மேலே நடக்கும் கோடிக்கணக்கு புரியவேண்டுமென்றால் கீழே போய்ப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு நகரத்து விளையாட்டுக் கூடம், சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்ப் பையனுக்கு இது மூன்றாவது சண்டை. டிவி இல்லை. பணம் எங்கிருந்து வரும்? டிக்கெட்டிலிருந்துதான். டிக்கெட்டை விற்பவர் பெரும்பாலும் அந்தப் பையனே. மாமா, மச்சான், கூட வேலை பார்ப்பவர்கள், ஜிம் நண்பர்கள் என்று ஆள் ஆளாய்ப் பார்த்துக் கட்டைப் பிரித்துக் கொடுப்பான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 40 பவுண்டு டிக்கெட் 100 விற்றான், 4,000 பவுண்டு. அதில் எதிராளியின் கூலி 1,500. ஹால் வாடகை, நடுவர், மருத்துவர்கள், வெளியே நிற்கும் ஆம்புலன்ஸ் என்று அவன் பங்குக்கு ஒரு 1,500. மிச்சம் 1,000. அதில் பயிற்சியாளருக்குப் பத்தில் ஒன்று, மேனேஜருக்கு ஒரு பங்கு. எட்டு வாரம் வியர்வை சிந்தியதற்குக் கையில் நிற்பது சில நூறு. தோற்ற எதிராளியோ 1,500 பவுண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கடைசி ரயிலைப் பிடித்திருப்பார்! ஜெயித்தவனைவிடத் தோற்றவர் அதிகம் சம்பாதிக்கும் விளையாட்டு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த எதிராளிக்கு 'ஜர்னிமேன்' என்று பெயர். ஊர் ஊராய்ப் போய்ச் சண்டை போட்டுத் தோற்பதையே பிழைப்பாகக் கொண்டவர். பர்மிங்ஹாமின் பீட்டர் பக்லி இந்த வகையில் பேர்போனவர். 300 சண்டைகள், 32 வெற்றி, 12 டிரா, 256 தோல்வி. இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அவர் பலியாடு இல்லை, வாத்தியார். பின்னாளில் பெரிய நட்சத்திரமான நசீம் ஹமீதுகூடத் தொடக்கக் காலத்தில் பக்லியோடு இரண்டு முறை மோதியிருக்கிறார். பக்லி புதுப் பையனை அடிக்க விடாமல் கட்டிப்பிடிப்பார், கோணத்தை மாற்றுவார், கயிற்றில் சாய்ந்து தப்புவார். தான் நாக்அவுட் ஆகாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவர் பிழைப்பே இருந்தது. நாக்அவுட் ஆனால் மருத்துவக் காரணத்துக்காகச் சில வாரம் தடை விழும், அடுத்த வாரக் கூலி போகும். 2008 அக்டோபரில் பர்மிங்ஹாமில் 300வது சண்டையில் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இந்த இடத்தில்தான் மேட்ச்மேக்கர் என்றொரு ஆள் வருகிறார். புரமோட்டர் முதலாளி என்றால் மேட்ச்மேக்கர் தலைமைச் சமையல்காரர். டாப் ரேங்க் என்ற அமெரிக்கப் புரமோட்டர் நிறுவனத்தின் புரூஸ் டிராம்ப்ளரைப் போன்ற சிலர் இதைக் கலையாகவே செய்தார்கள். ஆஸ்கார் டி லா ஹோயா, ஃப்ளாய்ட் மேவெதர் போன்றவர்களின் ஆரம்பகாலச் சண்டைகளைக் கோத்தவர் அவர். முதலில் ஓடாமல் நிற்கும் ஆள். அடுத்து உயரமான ஆள். அப்புறம் ஓர் இடதுகைக்காரர். அதன்பின் நன்றாக அடிப்பவர், ஆனால் வயதானவர். ஒவ்வொரு எதிராளியும் ஒரு பாடம். பாடம் மிக எளிதாக இருந்தால் பையன் ஒன்றும் கற்கமாட்டான். ஒரு படி தாண்டிப்போனால் ஐந்து வருட முதலீடு ஓரிரவில் காலி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது 'சும்மா ஆளை நிறுத்தி ரெக்கார்டைப் பெருக்குகிறார்கள்' என்று தோன்றும். அப்படியும் நடக்கிறது, நிறையவே நடக்கிறது. 20 வெற்றி, 0 தோல்வி என்ற ரெக்கார்டைப் பார்த்தால் அந்த 20 பேர் யார் என்று பார்க்காமல் நம்பக்கூடாது.

இன்னோர் ஆபத்தும் உண்டு, பணத்தில் அடங்காதது. தகுதியில் பெரிய வித்தியாசம் இருக்கும் இருவரை மோதவிட்டால் ஒருவர் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் போன்ற இடங்களில் ஒவ்வொரு மோதலுக்கும் அரசு ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆனால் ஆணையத்தின் கண்டிப்பு ஊருக்கு ஊர் மாறும்.

ஊறப் போடுவது

பையன் வளர்ந்து பெயர் வாங்கிவிட்டான். இப்போது கணக்கு தலைகீழாக மாறுகிறது. எதிரே பெயர் உள்ளவர் நின்றால்தான் டிக்கெட் விற்கும். ஆனால் பெயர் உள்ளவர் தோற்கடிக்கவும் கூடியவர். எப்போது மோதவிடுவது?

'இன்னும் கொஞ்சம் ஊறட்டும்' என்பது பாக்ஸிங் உலகில் அடிக்கடி கேட்கும் சாக்கு. இரண்டு பேரும் தனித்தனியாக இன்னும் சில வெற்றிகள் பெறட்டும், எதிர்பார்ப்பு ஏறட்டும், அப்புறம் மோதினால் பணம் இரட்டிப்பாகும் என்பது இதன் பொருள். நியாயம்தான். ஆனால் மாவு ஊறினால் புளிக்கவும் செய்யுமே. 2010 வாக்கில் ஃபெதர்வெயிட் என்ற எடைப் பிரிவில் ஹுவான் மானுவல் லோபஸ், யூரியோர்கிஸ் கம்போவா இருவரும் தோல்வியே காணாதவர்கள். இருவருக்கும் ஒரே புரமோட்டர், டாப் ரேங்கின் பாப் ஆரம். எல்லோரும் கேட்ட மோதல் அது. ஆரம் ஊறப் போட்டார். 2011 ஏப்ரலில் ஆர்லாண்டோ சாலிடோ என்ற மெக்சிகோக்காரர் லோபஸை அவர் சொந்த மண்ணான போர்ட்டோரிக்கோவிலேயே எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். மாவைக் கொட்ட வேண்டியதாயிற்று.

மேவெதர், மேனி பாக்கியாவ் கதை வேறு மாதிரி. 2009இன் கடைசியில் பேச்சு ஆரம்பித்தது. ஊக்கமருந்து சோதனை எப்படி நடத்துவது, யாருக்கு எத்தனை சதவீதம், எந்த டிவி என்று இழுத்து இழுத்து 2015 மே 2 அன்றுதான் லாஸ் வேகாஸில் நடந்தது. மேவெதருக்கு 60, பாக்கியாவுக்கு 40 என்று பிரித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் வீடுகள் சுமார் 100 டாலர் கட்டிப் பார்த்தன. ஆக, ஊறப் போட்டது பணமாகத் திரும்பியது. ஆனால் ஒருவருக்கு 38 வயது, இன்னொருவருக்கு 36. பார்த்தவர்களில் பலர் பாதியிலேயே கொட்டாவி விட்டார்கள், நானும்தான். புரமோட்டருக்கு அது வெற்றி, ரசிகருக்கு ஐந்து வருடம் தாமதமாக வந்த சாப்பாடு.

அந்த 60–40 எப்படி வருகிறது? யார் நல்ல வீரர் என்பதை வைத்து இல்லை. யாருக்காக மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பதை வைத்து. அவரை 'ஏ சைடு' என்பார்கள், மற்றவர் 'பி சைடு'. எந்த ஊர், எந்தத் தேதி, யார் பெயர் முதலில், எல்லாம் ஏ சைடின் விருப்பம். இதில் பரிதாபமான நிலை ஒன்று இருக்கிறது: நன்றாகச் சண்டை போடுவார், ஆனால் டிக்கெட் விற்கமாட்டார். அவரோடு மோதினால் தோற்க வாய்ப்பு அதிகம், கிடைக்கும் பணமோ குறைவு. எந்தப் புரமோட்டராவது தன் நட்சத்திரத்தை அங்கே அனுப்புவாரா? அப்படிப்பட்டவர்கள் உச்சத்தில் இருக்கும் வயதில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

உறையைப் பிரிக்கும் நாள்

இதற்கு மருந்தாகத்தான் பெல்ட் அமைப்புகளின் 'மேண்டேட்டரி' விதி இருக்கிறது. டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள் இருப்பதைப் பற்றித் திட்ட ஒரு தனிக் கட்டுரையே வேண்டும். ஆனாலும் இந்த ஒரு விதத்தில் உதவுகின்றன. பெல்ட் வைத்திருப்பவர் குறிப்பிட்ட காலத்துக்குள் முதல் நிலைச் சவால்காரரோடு மோதியே ஆகவேண்டும், இல்லையென்றால் பெல்ட் பறிபோகும். இரு தரப்பும் பேசி முடிவுக்கு வரவில்லையென்றால் 'பர்ஸ் பிட்', அதாவது ஏலம். புரமோட்டர்கள் தொகையை எழுதி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். அதிகம் எழுதியவருக்குச் சண்டை. அந்தத் தொகைதான் இரண்டு வீரர்களின் மொத்தக் கூலி.

2021 பிப்ரவரியில் ஐபிஎஃப் நடத்திய ஏலம் ஒன்றைப் பார்த்தால் முழு விளையாட்டும் தெரிந்துவிடும். லைட்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன் டெயோஃபிமோ லோபஸ் (முன்பு சொன்ன லோபஸ் இல்லை, வேறு ஆள்), சவால்காரர் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கம்போசஸ். லோபஸின் புரமோட்டர் டாப் ரேங்க். நான்கு மாதத்துக்கு முன்புதான் வசில் லோமச்சென்கோவைத் தோற்கடித்து உச்சிக்கு வந்தவர் லோபஸ். கம்போசஸை அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது. இந்தச் சண்டைக்கு டாப் ரேங்க் எழுதியது 23 லட்சத்து 15 ஆயிரம் டாலர். எடி ஹெர்னின் மேட்ச்ரூம் எழுதியது 35 லட்சத்து 6 ஆயிரம். மூன்றாவது உறையைப் பிரித்தபோது 60 லட்சத்து 18 ஆயிரம்! எழுதியது ட்ரில்லர் என்ற புது நிறுவனம். மைக் டைசனையும் ராய் ஜோன்ஸையும் வயதான காலத்தில் காட்சிச் சண்டைக்கு ஏற்றி நல்ல காசு பார்த்திருந்தவர்கள்.

ஒரே சண்டைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? பாப் ஆரம் எழுதியது கடைக்காரர் விலை என்பது என் அபிப்பிராயம். இத்தனை டிக்கெட் போகும், டிவியில் இவ்வளவு வரும், அதற்கு மேல் கொடுத்தால் கைநட்டம். ட்ரில்லர் எழுதியது விளம்பரச் செலவு. சண்டையில் போட்டதைச் சண்டையிலேயே எடுக்கவேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இல்லை. லோபஸுக்கு இது லாட்டரி. சாம்பியனுக்கு 65 சதவீதம் என்பதால் அவர் பங்கு மட்டும் 39 லட்சத்தைத் தாண்டியது, கம்போசஸுக்கு 21 லட்சம். தன் சொந்தப் புரமோட்டர் மதித்த மொத்தச் சண்டையின் விலையைவிடத் தன் பங்கு அதிகம் என்றால் மனசு எப்படி இருக்கும்?

ஆனால் கடைக்காரர் விலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தேதி பலமுறை மாறியது. இடையில் லோபஸுக்குக் கோவிட். பிறகும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ட்ரில்லர், வாக்குத் தவறியதாக ஐபிஎஃப் அறிவித்தது. சண்டை இரண்டாவது இடத்திலிருந்த மேட்ச்ரூமுக்குப் போனது, 35 லட்சத்துக்கு. லோபஸின் பங்கு 39 லட்சத்திலிருந்து 23 லட்சத்துக்குள் வந்துவிட்டது. 2021 நவம்பர் 27 அன்று நியூயார்க்கில் ஒருவழியாக மணி அடித்தது. முதல் ரவுண்டிலேயே கம்போசஸ் லோபஸைத் தரையில் விழவைத்தார். பத்தாவதில் கம்போசஸ் விழுந்தார். கடைசியில் மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் ஆதரித்த பிளவுபட்ட தீர்ப்பில் பெல்ட்டெல்லாம் கம்போசஸுக்கு. ஏலத்தில் முதலிடம் பிடித்தவர் கையில் ஒன்றுமில்லை.

ஏலத்துக்கே போகாமல் ஆபத்தை விலைக்கு வாங்கும் வழியும் உண்டு: சவால்காரருக்குக் காசு கொடுத்து 'கொஞ்சம் தள்ளி நில்லப்பா' என்பது. 1996இல் மைக் டைசனோடு மோத லெனாக்ஸ் லூயிஸுக்கு உரிமை இருந்தது. டைசனின் புரமோட்டர் டான் கிங் 40 லட்சம் டாலர் கொடுக்க, லூயிஸ் ஒதுங்கினார். டைசன் புரூஸ் செல்டனோடு மோதப் போனார். ஒரு குத்துக்கூட விடாமல் 40 லட்சம்.

சரி, ரூயிஸுக்கு வருவோம். ஜோஷுவா தரப்பின் கணக்கு என்னவாக இருந்திருக்கும்? அரங்கம் விற்றாகிவிட்டது, ஜோஷுவாவின் முதல் அமெரிக்கச் சண்டை, ரத்து செய்ய முடியாது. ரூயிஸ் வேகமான கையுடையவர் என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். 33 சண்டையில் ஒரே தோல்வி. ஆனால் பார்க்க ஆபத்தாகத் தெரியமாட்டார். அதனால் அவர் பி சைடுக்கும் பி சைடு, கேட்கும் பணம் கையடக்கம். தோற்றால்? அதற்கும் வழி எழுதி வைத்திருந்தார்கள்: ஜோஷுவா தோற்றால் மறுபடி மோதவேண்டும், அதில் ரூயிஸுக்குக் கூலி கூடும். 'ரீமேட்ச் கிளாஸ்' என்பது இதுதான், சாம்பியன் எடுக்கும் காப்பீடு. பி சைடில் நிற்பவர் கையெழுத்துப் போடாவிட்டால் முதல் சண்டையே கிடைக்காது.

சவுதியில் மறுமோதல் என்றதும் ரூயிஸ் முணுமுணுத்தார், அமெரிக்காவில் வேண்டும் என்றார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். 2019 டிசம்பர் 7, திரியா. ஆறு மாதச் சாம்பியன் வாழ்க்கை உடம்பில் தெரிந்தது. 283 பவுண்டு எடையில் வந்து நின்றார். ஜோஷுவா இளைத்து வந்து, தள்ளி நின்று குத்தி, 12 ரவுண்டு முடிவில் புள்ளியில் ஜெயித்துப் பெல்ட்டை மீட்டார். காப்பீடு வேலை செய்தது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இரண்டு தோல்வியறியாத சாம்பியன்கள் மோதும் சண்டையாக ஜோஷுவாவும் டியான்டே வைல்டரும் சந்திக்கும் வாய்ப்பு ரூயிஸோடு போனது, போனதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் புரமோட்டர் தன் காசைப் போட்டு டிக்கெட்டில் எடுக்கும் கதை. வேறொருவர் காசு வந்தால் குணமே மாறும். 2018இல் டாஸன் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் மேட்ச்ரூமின் அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு எட்டு வருடத்தில் நூறு கோடி டாலர் என்று அறிவித்தது. வருடத்துக்கு இத்தனை இரவு என்று பணம் நிச்சயமாகிவிட்டால், ஒவ்வோர் இரவும் பெரிய மோதலை வைக்கவேண்டிய அவசரம் குறையும். தேதியை நிரப்பினால் போதும் என்ற சோம்பல் வரும். சவுதிப் பணம் இதற்கு நேர் எதிர். அங்கே வரவு செலவைவிடப் பெயர் முக்கியம் என்பதால், தோற்பவருக்கும் தலைமுறைக்குப் போதுமான தொகை கொடுத்து டைசன் ஃபியூரியையும் ஒலெக்சாண்டர் உசிக்கையும் 2024 மே மாதம் ரியாத்தில் நிறுத்த முடிந்தது. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைகளை நடத்தும் யூஎஃப்சியில் இந்தச் சிக்கலே குறைவு. ஒரே நிறுவனம்தான் யார் யாரோடு என்று சொல்கிறது, நல்ல மோதல்களும் சீக்கிரம் நடக்கின்றன. ஆனால் வருமானத்தில் வீரர்களுக்குப் போனது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அவர்கள் மீதான வழக்கில் வெளிவந்தது. பாக்ஸிங்கின் பெரிய சண்டைகளில் பாதிக்கு மேல் வீரர்களுக்கே போகும். எது மேல் என்று என்னைக் கேட்டால், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவன், அடி வாங்குபவனைக் கேட்பதுதான் முறை.

கம்போசஸ் என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டேன். பெல்ட்டோடு அவர் ஒரே இரவில் பி சைடிலிருந்து ஏ சைடுக்குத் தாவியிருந்தார். அடுத்து லோமச்சென்கோவோடு மோதப் பேசியிருந்தார்கள். உக்ரைனில் போர் மூண்டதும் லோமச்சென்கோ நாட்டைக் காக்க அங்கேயே இருந்துவிட்டார். அமெரிக்காவின் டெவின் ஹேனி முன்வந்தார். கம்போசஸ் நிபந்தனைகளை வரிசையாக வைத்தார்: சண்டை மெல்போர்னில், ஒளிபரப்பு நாங்கள் சொல்கிறபடி, நான் தோற்றால் மறுமோதல், அதுவும் ஆஸ்திரேலியாவிலேயே. ஹேனி ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். இந்தச் சண்டைக்காக டாப் ரேங்கோடு ஒப்பந்தமும் போட்டார். 2022 ஜூன் 5 அன்று மெல்போர்ன் மார்வெல் ஸ்டேடியத்தில் 40,000 பேருக்கும் மேல் கம்போசஸின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஹேனி தன் இடதுகை ஜாப்பை, அதாவது முன்கையால் விடும் நேர்க் குத்தை, நீட்டி நீட்டியே 12 ரவுண்டையும் ஓட்டி, எல்லாப் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டார். அக்டோபரில், எழுதிக் கொடுத்திருந்தபடி, மறுபடி விமானம் ஏறி மெல்போர்ன் வந்தார். மறுபடி ஜெயித்தார்.